பொட்டலத்து நூடில்ஸும் எமது பிள்ளைகளின் பசியும்

அண்மையில் வார இறுதித் தமிழ் வகுப்பொன்றில், ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் 'எங்கள் வீட்டுச் சமையல்' என்னும் தலைப்பில் ஒரு சிறு கட்டுரை எழுதித் தருமாறு கேட்டிருந்தோம். இடியப்பம், புட்டு, தோசை, கூழ் என்று ஏடுகள் நிறைந்து வருமென்பதே எமது எதிர்பார்ப்பாக இருந்தது. வந்து சேர்ந்த பதினொரு கட்டுரைகளில் ஏழில் நூடில்ஸ் இடம்பெற்றிருந்தது. அவற்றுள் ஒரு சிறுமி எழுதியிருந்த வரிகள் இவை:

"பாடசாலை முடிந்து வந்து கதவைத் திறப்பேன். அம்மா வேலையில் இருப்பா. தண்ணீரைக் கொதிக்க வைத்து நூடில்ஸ் போடுவேன். மூன்று நிமிடத்தில் சமையல் முடியும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். எனக்கு அது நல்ல விருப்பம்."

பத்து வயதுப் பிள்ளை தனது அன்றாட வாழ்வை உள்ளபடியே எழுதியிருந்தது. அதில் முறைப்பாடு எதுவுமில்லை. முறைப்பாடு இல்லாமையே எம்மைச் சிந்திக்க வைத்தது.

இக்கட்டுரை நூடில்ஸைப் பழிப்பதற்காக எழுதப்படுவதன்று. பழிப்பதற்கு எமக்கு உரிமையுமில்லை. இந்நாட்டில் வந்திறங்கிய நாட்களில் எமது பசியைத் தீர்த்ததும் அதே பொட்டலந்தான். ஆயினும், வேறு வழியற்றிருந்த காலத்தில் எமக்குத் துணைநின்ற உணவு, வழியுள்ள இக்காலத்தில் எமது பிள்ளைகளின் நாளாந்த உணவாகலாமா? ஆகத்தான் போகிறதெனில், அதனை உணவென்று சொல்லத்தக்கதாக ஆக்குவது எங்ஙனம்? இவையே இங்கு நாம் ஆராய விரும்பும் வினாக்கள்.

விடுதியும் மின்னடுப்பும்

1980களின் முற்பகுதியில் கிழக்கு பேர்லினின் ஷொனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பேர்லினை அடைந்த எமது மூத்தோருக்கும், 1995 ஒக்ரோபர் 30இல் நிகழ்ந்த வலிகாமப் பெரும் இடப்பெயர்வின் பின்னர் இங்கு வந்த எம்போன்றோருக்கும் பொதுவான அனுபவங்கள் பல. அவற்றுள் முதன்மையானது 'ஹைம்' என்று நாம் அழைத்த அகதிகள் விடுதி வாழ்வு.

நாம் வந்த 1997இல், தஞ்சம் கோருவோருக்கான உதவிச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1993 நவம்பர் 1ஆந் திகதி அமுலுக்கு வந்த அச்சட்டம், உதவியைப் பணமாக அன்றிப் பொருளாகவே வழங்கவேண்டும் என்பதை முதல் விதியாகக் கொண்டிருந்தது. குடும்பத் தலைவர் ஒருவருக்கான மாத உதவியின் பெறுமதி 360 மார்க். வளர்ந்தோருக்குக் கைச்செலவுக்கென மேலும் 80 மார்க். இத்தொகை ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் உயர்த்தப்படவேயில்லை. மனித மாண்புக்குரிய வாழ்வுக்கு அது போதாதென ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2012 யூலை 18இல் தீர்ப்பளித்த பின்னரே நிலைமை மாறியது.

நாம் தங்கியிருந்த சிற்றூர் விடுதியில் வாரம் இரு தடவை உணவுப் பெட்டி தந்தார்கள். பாண், தகரத்தில் அடைத்த உணவுகள், பால், ஆப்பிள் என்பன அதில் இருக்கும். மிளகாய்த்தூளோ அரிசியோ தேங்காயோ அதில் இருப்பதில்லை. நாற்பது பேருக்குப் பொதுவான சமையலறையில் வேலை செய்த மின்னடுப்புகள் இரண்டு. அடுப்புக்காகக் காத்துநின்று சோறும் கறியும் ஆக்குவதென்றால் இரவு பதினொரு மணியாகிவிடும். எண்பது மார்க்கில் ஊருக்கொரு தொலைபேசி அழைப்பு, வழக்கறிஞருக்கு ஒரு தவணைப் பணம், முகவருக்காகப் பட்ட கடனில் ஒரு துளி. எஞ்சிய சில்லறைக்கு ஆசியக் கடையில் கிடைத்தது நூடில்ஸ் பொட்டலம்.

எம்மோடு ஒரே அறையில் இருந்த நண்பரொருவர் ஓராண்டுக்கு மேலாக நாளுக்கு இரு வேளை அதையே உண்டார். தூள் முழுவதையும் போட்டு, இறுதித் துளி வரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்ப்பார். அவ்வாறு மிச்சம் பிடித்த பணத்தில் ஊரிலிருந்த வட்டிக் கடனை அடைத்தார். தங்கையின் திருமணத்தை ஒப்பேற்றினார். இன்று ஐம்பத்து நான்கு வயதில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் குளிசை எடுத்து வருகிறார். அதற்கு நூடில்ஸ் மட்டுமே காரணமென்று சொல்லுதல் அறிவுக்குப் பொருந்தாது. இரவு வேலையும், நித்திரையின்மையும், மனச்சுமையும், தென்னாசிய உடலமைப்போருக்கு நீரிழிவு இளவயதிலேயே வரக்கூடிய இயல்பும் அதில் பங்கு கொண்டவை. ஆயினும், தன்னைத் தானே பட்டினிபோடுவதற்கு அன்று அவருக்குக் கிடைத்த கருவி அந்தப் பொட்டலந்தான் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

அதே விடுதியில் பருத்தித்துறையைச் சேர்ந்த ஒரு பெரியவரும் இருந்தார். அவரும் அதே பொட்டலத்தையே வாங்குவார். ஆனால் அதனுள் இருக்கும் தூளைத் தொடமாட்டார். "மாஸ்ரர், உந்தத் தூளைப் போடாதேயுங்கோ. ஊர்த்தூள் கிடக்கு, ஒரு வெங்காயமும் முட்டையும் கொண்டு வாங்கோ" என்பார். பார்சலில் வந்த மிளகாய்த்தூளில் அரைக் கரண்டி, ஒரு வெங்காயம், ஒரு முட்டை, உணவுப் பெட்டியில் வந்த பாலில் சிறிது. அந்தக் கோப்பையைச் சுற்றி நாம் நால்வர் இருந்து உண்போம். ஒரே பொட்டலம் ஒருவருக்குப் பட்டினியின் மறுபெயராகவும், மற்றவருக்குச் சாப்பாடாகவும் இருந்த வேறுபாட்டை அன்று நாம் விளங்கிக்கொள்ளவில்லை.

பசியில் பிறந்த உணவு

இவ்வுணவின் பிறப்பும் போரோடும் பசியோடும் தொடர்புடையதே. இரண்டாம் உலகப் போரின் பின் யப்பான் கடும் உணவுப் பஞ்சத்தில் இருந்தது. ஒசாகா நகரின் ரயில் நிலையத்தருகே ஒரு கோப்பை சுடு நூடில்ஸுக்காக மக்கள் குளிரில் நீண்ட வரிசையில் நின்ற காட்சி, மொமொபுக்கு அண்டோ என்பவரின் மனதில் பதிந்தது. இவர் 1910இல் தாய்வானில் பிறந்தவர். பிறந்த மண்ணை விட்டு யப்பானில் குடியேறி வாழ்ந்தவர். தாம் தலைமை வகித்த கடன் நிறுவனம் 1957இல் முறிவடைய, வீட்டைத் தவிர ஏனைய யாவற்றையும் இழந்தார். நாற்பத்தேழு வயதில், வீட்டுப் பின்புறத்துக் கொட்டிலொன்றில் ஓராண்டு காலம் தனித்திருந்து முயன்று, 1958 ஓகஸ்ட் 25இல் உலகின் முதலாவது உடனடி நூடில்ஸை விற்பனைக்கு விட்டார். கோப்பை நூடில்ஸ் வந்தது 1971இல். வேடிக்கை என்னவெனில், 1958இல் வந்த அந்த முதலாவது உடனடி நூடில்ஸின் அன்றைய விலை 35 யென். பச்சை நூடில்ஸோ ஆறு யென் மட்டுமே. இன்று ஏழையின் உணவாகிவிட்ட பொருள் அன்று கடையில் விலை கூடியதாக இருந்தது. உணவு போதியளவு கிடைத்தால்தான் உலகில் அமைதி நிலவும் என்பது 2007இல் மறையும் வரை அவர் வலியுறுத்திவந்த கருத்து. இப்போது உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 12,000 கோடிப் பொட்டலங்கள் உண்ணப்படுகின்றன.

எமது வீடுகளில் நூடில்ஸுக்கு மறுபெயராகிவிட்ட 'மகி'யின் கதையும் அறியத்தக்கது. யூலியஸ் மகி சுவிற்சர்லாந்தில் மாவாலை நடத்தியவர். 1880களில் அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குச் சென்றனர். நாள் முழுவதும் உழைத்துவிட்டு வரும் தாய்மாருக்குச் சமைக்க நேரமில்லை. குடும்பங்கள் போசாக்கின்றி வாடின. விரைவில் ஆக்கக்கூடிய, மலிவான, சத்துள்ள உணவொன்று தேவையென அந்நாட்டுப் பொதுநலச் சங்கம் வேண்ட, பட்டாணி, அவரை முதலிய பருப்பினங்களின் மாவைக்கொண்டு மகி உணவு தயாரித்தார். 1886இல் பொடிச் சூப் வந்தது. அடுத்த ஆண்டே எல்லையைத் தாண்டி, ஜேர்மனியின் சிங்கன் நகரிலும் அவரது நிறுவனம் காலூன்றியது.

இவ்விரு வரலாறுகளையும் விரிவாகச் சொல்வதற்குக் காரணமுண்டு. அவசர உணவு சோம்பேறிகளுக்காகத் தோன்றியதன்று. பசித்தவருக்காகவும், நேரமற்ற உழைப்பாளித் தாய்க்காகவுமே அது தோன்றியது. அதிகாலைத் துப்புரவு வேலைக்கும், முதியோர் இல்லத்துப் பின்நேர வேலைக்கும் மாறிமாறி ஓடும் எமது தாய்மார் அந்த வரிசையின் தொடர்ச்சியே. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. ஆனால் மகி தொடக்கத்தில் உள்ளே வைத்த பருப்பு இன்றைய நூடில்ஸ் பொட்டலத்தில் இல்லை. அதனை நாமே மீளச் சேர்க்கவேண்டியுள்ளது.

பொட்டலத்துக்குள் இருப்பது யாது?

எம்மவரிடையே உலவும் கதைகள் பல. நூடில்ஸ் மீது மெழுகு பூசப்பட்டுள்ளது என்பது அவற்றுள் ஒன்று. இது உண்மையன்று. கோதுமை மாவிழைகள் முதலில் ஆவியில் அவிக்கப்படுகின்றன. பின்னர் ஏறத்தாழ 150 பாகை வெப்பமுள்ள எண்ணெயில் ஓரிரு நிமிடங்கள் பொரிக்கப்படுகின்றன. ஈரம் ஆவியாக வெளியேறும்போது இழைகளில் நுண்துளைகள் உண்டாகின்றன. கொதிநீர் அத்துளைகளூடாக உட்சென்று இழைகளை மீண்டும் மென்மையாக்குகிறது. மூன்று நிமிடத்தின் இரகசியம் இவ்வளவே. நீரின் மேல் மிதப்பது மெழுகன்று, பொரித்த எண்ணெய், பெரும்பாலும் பாமெண்ணெய். இழைகளின் மஞ்சள் நிறம் முட்டையினால் வந்ததென்று எண்ணுவோரும் உளர். பெரும்பாலும் அது மாவில் சேர்க்கும் காரவுப்பின் விளைவாகும்.

சுவையூட்டியான குளுட்டமேற்றைப் பற்றியும் அச்சமுண்டு. அதனை 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்தவர் யப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா. தக்காளியிலும் காளானிலும் தாய்ப்பாலிலுங்கூட அது இயற்கையாகவே உண்டு. அளவோடு சேர்ப்பதால் பெருந்தீங்கு விளைவதாக நிறுவப்படவில்லை. 2015 யூனில் இந்தியாவில், ஈயத்தின் அளவு மிகுந்துள்ளதெனக் கூறி மகி நூடில்ஸ் தடைசெய்யப்பட்டதைப் பலர் இன்றும் நினைவுகூர்வர். அத்தடையை மும்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஓகஸ்டில் நீக்கியது. மறுபரிசோதனைகளின் பின் நவம்பரில் அது மீண்டும் கடைக்கு வந்தது. 2024 யூனில் டென்மார்க், உறைப்பு அளவுக்கு மிஞ்சியதென்று சில கொரிய நூடில்ஸ் வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. எமது இளைஞர் அதே வகைகளைப் பந்தயம் கட்டி உண்பதையும் காண்கிறோம்.

ஆயின் உண்மையான குறைகள் எவை? உலர்ந்த நூடில்ஸின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கொழுப்பு. அறுபது கிராம் பொட்டலமொன்றில் புரதம் ஐந்தாறு கிராம் அளவே. நார்ச்சத்து மிகச் சொற்பம். மரக்கறியென்று சொல்லப்படுவது காய்ந்த சில துணுக்குகள். வளரும் பிள்ளைக்கு இது பசியை அடக்குமேயன்றிப் போதிய உணவாகாது. இவற்றிலும் பெரிய குறை உப்பு.

ஓர் உப்புக் கணக்கு

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பிள்ளைகளுக்கு இதனிலும் குறைவு. 2016 டிசெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதியிடப்பட்ட உணவுகளின் மீது சத்துப் பட்டியல் அச்சிடப்படவேண்டும். அதில் 'ஸால்ட்ஸ்' என்னும் சொல்லைத் தேடுக. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல பொட்டலங்களில் கணக்கு முழுப் பொட்டலத்துக்கு அன்றி, ஆக்கிய பின் 100 மில்லிலீற்றருக்கே தரப்பட்டிருக்கும்.

பிள்ளைகளோடு இருந்து இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். 100 மில்லிலீற்றரில் 1.2 கிராம் உப்பென்று எழுதியிருக்கிறது. ஆக்கிய பின் கோப்பையில் 350 மில்லிலீற்றர் உள்ளது. அவ்வாறெனில் 1.2ஐ 3.5ஆல் பெருக்க வேண்டும், விடை 4.2 கிராம். ஒரு நாளுக்குரிய உப்பு ஏறக்குறைய ஒரே கோப்பையில் முடிந்துவிட்டது. அந்த உப்பின் பெரும்பகுதி தூளிலேயே உள்ளது. ஆகவே பாதித் தூளை எறிந்தால் உப்பும் ஏறத்தாழப் பாதியாகும். இதற்குக் காசும் வேண்டியதில்லை, நேரமும் வேண்டியதில்லை.

மாட்டிறைச்சி உண்ணாதோரும் மரக்கறி உணவினரும் உள்ளடக்கப் பட்டியலை வாசிப்பது அவசியம். 'றிண்ட்' என்றால் மாடு, 'ஷ்வைன்' பன்றி, 'ஹூன்' கோழி, 'கெமூஸ' மரக்கறி. வெள்ளிக்கிழமை விரதமென்று நூடில்ஸ் உண்டு, மாட்டிறைச்சிச் சாற்றைப் பருகிய பெரியோரை நாம் அறிவோம்.

எமது கைப்பக்குவம்

நூடில்ஸ் எமக்கு அந்நியமானதென்று எண்ணுதல் தவறு. மாவை இழையாக்கி உண்ணும் கலையை இடியப்ப உரலில் அன்றே கண்டவர்கள் நாம். இடியப்பத்தை எவரும் வெறும் உப்புத் தண்ணீரில் உண்பதில்லை. சொதியும் சம்பலும் கறியும் சேர்த்தே உண்கிறோம். அந்த முறையை நூடில்ஸுக்கும் பொருத்திவிட்டாற் போதுமானது.

முதலாவது, சொதி நூடில்ஸ். இருவருக்கு ஒரு வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், இரு பல் உள்ளி, சிறிது வெந்தயம், கருவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றை இரண்டு கோப்பை நீரில் அவியவிடுக. ஒரு பிடி கீரை சேர்க்கலாம். குளிரூட்டிய பகுதியில் விற்கும் ஸ்பினாட் கீரையும் நன்று. வெங்காயம் மென்மையானதும் அரைத் தகரம் தேங்காய்ப்பால் விட்டு, திரையாதபடி மெல்லிய சூட்டில் கலக்கி, அளவாக உப்பிட்டு இறக்கித் தேசிக்காய் பிழிக. இரண்டு பொட்டலம் நூடில்ஸை வேறு நீரில் இரண்டு நிமிடம் அவித்து, அந்நீரை வடித்துவிடவேண்டும். எண்ணெயில் ஒரு பகுதியும் அதனோடு கழிந்துபோகும். அதன்மேல் சொதியை விட்டு, அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து வைக்கலாம். முட்டையொன்றில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதமுண்டு. ஒரு முட்டை சேர்ந்தாலே கோப்பையின் புரதம் இருமடங்காகிறது.

இரண்டாவது, பருப்பு நூடில்ஸ். துருக்கியர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மைசூர்ப் பருப்பு கால் மணித்தியாலத்தில் அவிந்துவிடும். உள்ளியும் மஞ்சளும் சேர்த்துத் தண்ணீராகக் காய்ச்சி, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டினால், அதனைச் சூப்புக்குப் பதிலாக ஊற்றிக்கொள்ளலாம். விரத நாட்களுக்கும் இது ஏற்றது.

மூன்றாவது, நூடில்ஸ் கொத்து. நேற்றைய கோழிக் கறியோ, சோயா மீற் கறியோ, போஞ்சிக் கறியோ சிறிது எஞ்சியிருக்கும். தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, மெல்லியதாக அரிந்த லீக்ஸ், கோவா, கரட் ஆகியவற்றை வதக்கி, முட்டை உடைத்துக் கிளறி, வடித்த நூடில்ஸையும் அந்தக் கறியையும் போட்டுப் பிரட்டி இறக்கவேண்டும். மரக்கறியின் அளவு நூடில்ஸின் அளவுக்குக் குறையாதிருத்தல் நன்று. பொட்டலத்துத் தூள் இதற்குத் தேவையேயில்லை.

தனித்திருக்கும் பிள்ளைக்கு

'வேலையால் வர இரவு எட்டு மணி, இதையெல்லாம் யார் ஆக்குவது?' என்று தாய்மார் கேட்பது எமது காதில் விழுகிறது. நியாயமான கேள்வியே. ஞாயிறு மாலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால், இரண்டு மூன்று நாட்களுக்குப் போதுமான பருப்பையோ வெங்காயச் சொதியையோ காய்ச்சி, விரைவில் ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அரிந்த மரக்கறி ஒரு பெட்டியில், அவித்த முட்டை இன்னொன்றில். பாடசாலையால் வரும் பிள்ளை நூடில்ஸை அவித்து வடித்து, சொதியைக் கொதிக்கச் சூடாக்கி ஊற்றிக்கொள்ளும். மூன்று நிமிடம் ஏழெட்டு நிமிடமாகும், அவ்வளவே. கொதிநீரைக் கையாளும் முறையையும், அடுப்பை அணைத்ததை மறுமுறை பார்க்கும் பழக்கத்தையும் முதலில் அருகிருந்து கற்பித்தல் வேண்டும். சிறு பிள்ளைகளை இதற்குத் தனியே விடுதல் கூடாது.

ஆண்பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பிக்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். விடுதியில் பட்டினி கிடந்த எமது நண்பருக்கு வெங்காயம் வாங்கப் பணமிருந்தது. வெங்காயத்தை என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியாது. சமையலறைப் பக்கம் போகாமல் வளர்க்கப்பட்டவர் அவர்.

கட்டுரைகளைத் திருத்திய அடுத்த சனிக்கிழமை, இடைவேளையின்போது வகுப்பறையில் ஒரு சிறிய மின்னடுப்பை வைத்துச் சொதி நூடில்ஸ் ஆக்கினோம். வெங்காயம் உரித்தது பிள்ளைகள். தேசிக்காய் பிழிந்தது அந்தச் சிறுமி. ஒரு வாய் உண்டுவிட்டு, "சேர், இது எங்கட அம்மா இடியப்பத்துக்கு வைக்கிற சொதிதானே!" என்றாள். ஆம் என்றோம். அம்மா எப்போது கடைசியாக வைத்தா என்று கேட்க எண்ணி, கேளாமல் விட்டுவிட்டோம்.

பருத்தித்துறைப் பெரியவர் எமக்குக் கற்பித்த பாடத்தின் பொருள் அவ்வேளை விளங்கியது. அவர் அந்தப் பொட்டலத்தோடு சேர்த்தது வெங்காயமும் முட்டையும் மட்டுமல்ல. உடனிருந்து உண்ண நான்கு பேரையும் சேர்த்தார். எமது பிள்ளைகள் நூடில்ஸை விடப்போவதில்லை, விடவேண்டியதுமில்லை. பாதித் தூளை எறிந்துவிட்டு, ஒரு முட்டையையும் ஒரு பிடி கீரையையும் சேர்ப்போம். வாரத்தில் ஒரு மாலையேனும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அதே கோப்பை நூடில்ஸைத் தாயும் தந்தையும் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து உண்போம். அடுத்த ஆண்டும் அதே தலைப்பில் கட்டுரை கேட்கவிருக்கிறோம். அப்போதும் ஏடுகளில் நூடில்ஸ் வரட்டும். அதனை ஆக்கித் தந்தவரும் அருகிருந்து உண்டவரும் அந்த வரிகளில் இருக்கட்டும்.